ஐந்தாவது கோப்பை

நேற்று முன்தினம் உன் மகள் வந்திருந்தாள். உன் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அடிமாலியிலிருந்து வந்தவள், திரும்பிப் போகும் வழியில் என் வீட்டுப் படியேறி, நாலாக மடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். பிரித்ததும் எழுத்துக்கு முன்னால் வாசனை வந்தது. டீ ஃபாக்டரியில், மூடிய அறைக்குள், பல வருஷத்துத் தூள் சுவரில் ஊறிக் கிடக்கும் வாசனை. அந்த ஃபாக்டரியைப் பூட்டி எத்தனையோ காலம் ஆயிற்று. வாசனை மட்டும் உன் பைபிளுக்குள் வேலையில் இருந்திருக்கிறது.

“அம்மா பைபிளுக்குள்ள இருந்துச்சு சித்தி. ஏதோ தேயிலைக் கணக்கு மாதிரி தெரியுது. உங்க பேரும் இருக்கு, அதான் தூரப் போடாம கொண்டாந்தேன்” என்றாள்.

தேயிலைக் கணக்கு இல்லை. அது என்னவென்று உனக்குத் தெரியும். அதற்கு வருவதற்குள் வேறு சில குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நீ குறுக்கே சிரிக்கமாட்டாய் என்ற வசதி எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. சூரியநெல்லியிலிருந்து மட்டும் மூன்று ஜீப். எதிரெதிர் யூனியன்காரர்கள் இரண்டு பேர் தூறலில் ஒரே குடைக்குள் நின்றார்கள். பாஸ்டர் பேச்சை முடிக்க மனமில்லாமல் முடித்தார். என் முறை வரும்போது இதில் பாதி வந்தால் பெரிது. வருகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் என் பாடகர் குழுவாக இருப்பார்கள். வராவிட்டால் திட்டுவேன் என்று பயந்தே பழகியவர்கள்.

உன் தலைமுடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஜலதோஷம் பிடித்தால் மற்றவர்களுக்கு மூக்கு சிவக்கும், உனக்குக் கன்னம் சிவந்தது, அதற்கும் பொறாமைப்பட்டேன். நீ வைத்த டேலியாச் செடி பூத்தது, அதே கிழங்கில் பாதியை நட்ட என் செடி இலைவிட்டது. இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். பெரியது ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் நாற்பது வருஷம் ஓட்டினேன்.

நமக்குப் பதினெட்டு வயதாயிருந்த கிறிஸ்துமஸ் வாரம் எஸ்டேட் ஸ்டாஃப் கிளப் சுவரில் ஒரு பழைய ஹாலிவுட் பாட்டுப்படம் போட்டார்கள். தொழிலாளி வீட்டுப் பெண்களையும் உள்ளே விட்ட நாள் அது. தரையில், கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துறைமுக ஊரில் துணி வெளுக்கும் ஒரு பெண், வாயைத் திறந்தால் பாட்டு. ஒரு மாலுமி, அவனுக்கும் அதே வியாதி. தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டுக் கூட ஆடினான். “வேல நேரத்துல இப்படி ஆடுனா அங்கல்லாம் சூப்பர்வைசரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?” என்று உன் அம்மா கேட்டாள். அந்தப் படத்தைப் பற்றி நான் இன்றுவரை படித்த எந்த விமர்சனமும் அந்தக் கேள்வியின் பக்கத்தில்கூட வரவில்லை.

என் அம்மா மேனேஜர் பங்களாவில் சமையல் வேலை செய்தாள் என்பதால், அலமாரித் தட்டில் விரிக்கக் கொடுத்த பழைய ஆங்கில சினிமாப் பத்திரிகைகள் என் கைக்கு வந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நடிகர்கள் எனக்கு முக்கியமில்லை. யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரை வேண்டாம் என்றார்கள், யார் கடைசி நிமிஷத்தில் நழுவவிட்டாள் என்பதைத்தான் தேடித் தேடிப் படித்தேன். அப்படிப்பட்ட ஒரு கதையை உனக்குச் சொன்னபோது, நீ கொழுந்தெடுத்துவிட்டு வந்து, காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புப் பொட்டலத்தால் ஒற்றி ஒற்றி உதிர்த்துக்கொண்டிருந்தாய்.

“மொதல்ல கூப்புட்டவளுக்கு என்னாச்சுட்டி?”

“சோதனை பாக்குத அன்னைக்குத் தொண்ட கட்டிக்கிட்டாம். அடுத்து நின்னவளுக்குக் கெடச்சுட்டு.”

“பாவம்.”

“யாரு?”

“ரெண்டு பேருந்தான்” என்றாய். பிறகு அடுத்த காலை நீட்டினாய்.

இன்னொன்றும் சொன்னேன். பல பாட்டுப்படங்களில் முகம் ஒருத்தியாம், குரல் வேறொருத்தியாம். குரல் கொடுத்தவள் பெயரைப் படத்தில் போடவே மாட்டார்களாம். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. நீ யோசித்துவிட்டு, “நல்லதுதான? மேக்கப்பு வேண்டாம், குதிச்சு ஆட வேண்டாம். கம்பளியப் போத்திக்கிட்டு நின்னு பாடிட்டு வீட்டுக்குப் போயிரலாம்” என்றாய். உன்னிடம் லட்சியம் என்ற பொருளே கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் படத்தையே நாடகமாகப் போடுவது என்று கிளம்பியவர் ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் சார். கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்த மனுஷர். பாலக்காட்டில் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்தப் படத்தைப் பதினொரு தடவை பார்த்தவர். அவர் சொன்ன எண்ணிக்கை, நான் கூட்டவில்லை. பாஸ்டர் மூன்று திருத்தம் கேட்டார். முத்தம் கைகுலுக்கலாக மாற வேண்டும், சாராயக்கடை டீக்கடையாக வேண்டும், கடைசியில் எல்லாரும் ஆலயத்துக்குப் போக வேண்டும். “முத்தமும் வேண்டா, சாராயமும் வேண்டா. நேக்குப் பாட்டு மட்டும் மதி, அது போறும்” என்று சார் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார்.

கதாநாயகியைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஃபாக்டரியில் தேயிலை ருசி பார்க்கும் அறை நினைவிருக்கிறதா? நீள மேசை, அதன் மேல் பிடியில்லாத வெள்ளைக் கோப்பைகள், ஒரு கோடியில் சன்னல், மறுகோடியில் கதவு. எந்தத் தோட்டத்து இலை என்று பெயர் பார்க்காமல், வரிசையாக உறிஞ்சித் துப்பிவிட்டு நோட்டில் எழுதுவார். எங்களையும் அப்படியே வரிசைப்படுத்தினார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு படுதாவைக் கட்டி, அதற்குப் பின்னால் ஆறு பெண்களை நிறுத்தினார். ஒவ்வொருத்திக்கும் நேரே அவர் பக்கத்தில் ஒரு காலிக் கோப்பை.

“கொழந்தேளா, பயப்படப்படாது. இலை பாக்கறச்சே எந்தத் தோட்டம்னு நான் கேக்கறதுண்டோ? நாக்கு சொல்லும். இன்னிக்குக் காது சொல்லட்டும். மூஞ்சி யாருது, வீடு எது, ஒண்ணும் நேக்குத் தெரிய வேண்டா” என்று படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

நீ சன்னல் பக்கத்திலிருந்து இரண்டாவது. நான் கதவுப் பக்கத்திலிருந்து இரண்டாவது, அதாவது சன்னலிலிருந்து ஐந்தாவது. ஆபீஸ் கிளார்க் எங்கள் பக்கம் நின்று, சன்னலிலிருந்து தொடங்கிப் பெயர்களை எழுதிக்கொண்டார். கண்ணை இறுக மூடி ஜெபம் செய்துகொண்டே என் முறைக்குக் காத்திருந்தேன்; எனக்கு முன்னால் எத்தனை பேர் பாடினார்கள் என்பதுகூடக் காதில் ஏறவில்லை. பாடினேன். பிரமாதமாகப் பாடியதாகப் பட்டது. பொதுவாகக் கண்ணை மூடிக்கொண்டு பாடினால் அப்படித்தான் படும் என்று பின்னாளில் பலருடைய பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்தாய். “ஏட்டி, படுதா தரையத் தொடல பாத்தியா? அவரு பூட்ஸு தெரிஞ்சுது. மொத ஆளுகிட்ட நின்னுட்டு, ரெண்டாவதா எம் முன்னால வந்து நின்னுச்சு பாரு, தொண்ட அடச்சுட்டு. என்ன பாடுனேன்னே தெரியல.”

நான் கேட்டேன். கேட்டதை மறந்தேன். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. சார் சொன்ன எண் இரண்டு. கிளார்க் பட்டியலைப் பார்த்து உன் பெயரை வாசித்தார். மற்ற ஐந்து பேருக்கும் துணி வெளுக்கும் பெண்கள் வேஷம். பின்னால் நின்று கூட்டாகப் பாட வேண்டும்.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். இனிப் பாடவே போவதில்லை, கோயிலிலும் பாடப்போவதில்லை, மூணாறு பக்கம் எங்காவது ஆயா வேலைக்குப் போய்விடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். பத்தொன்பது வயதில் அதற்கு மேல் தூரமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. நீ குடத்தை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். பிறகு, ஏதோ கண்டுபிடித்தவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாய்.

“ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லிராத. சாரு எப்பவும் இடது கையில இருந்து வலது கைக்குத்தான கப்ப ருசி பாப்பாரு?”

“அதுக்கு?”

“நாம படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்னோம். நம்ம இடது கை அவருக்கு வலது கைல்லா? அவருக்கு இடது பக்கம் கதவு. அப்ப அவரு ரெண்டுன்னு எழுதுனது கதவுல இருந்து ரெண்டாவது. அது நீதாம்ட்டி. கிளார்க்கு சன்னல்ல இருந்து எழுதிட்டாரு.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

“நெசமாவா?”

“பின்ன? நான் போயி சொல்லட்டா? கிளார்க்குக்கு டோஸு விழும், சாருக்கும் கேவலமாப் போகும். நீ போன்னா போறேன்.”

நான் போ என்று சொல்லவில்லை. கிடைத்த வேஷத்தைவிடப் பறிபோன வேஷத்துக்கு மரியாதை அதிகம் என்பது அந்த ஒரு கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாம், நீயே வச்சுக்க” என்றேன், ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் மாதிரி. நீ நகர்த்திய குடத்தைத் திரும்பக் குழாய்க்கடியில் வைத்தாய். “சரிட்டி” என்றாய்.

நாடகம் நன்றாக நடந்தது; அதையும் நான் மன்னிக்கவில்லை. பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய நீல கவுன் உனக்கென்றே தைத்தது போல் இருந்தது. உன் தனிப்பாட்டு நடக்கும்போது பின்னால் ஐந்து வண்ணாத்திகள் தாளத்துக்கு நனைந்த சாக்கைக் கல்லில் அடிக்க வேண்டும். என் சாக்குக்கு மட்டும் கூடுதல் ஈடுபாடு. தெறித்த தண்ணீர் முழுவதும் உன் முகத்தில். நீ ஒரு வரியும் தவறவிடாமல், முந்தியால் துடைப்பது போல் கவுனின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடினாய். ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். சார் திரைக்குப் பின்னால் ஓடிவந்து என்னிடம், “பேஷ், பேஷ், இதை அடுத்த தடவையும் வச்சுக்கலாம்” என்றார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கவில்லை.

அதற்குப் பிறகு உனக்குக் கல்யாணம், பிள்ளை, விடிகாலைப் பிரட்டில் பேர் கொடுப்பது, கொழுந்து. எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, ஆலயத்தில் பாடகர் குழு. குழுவைக் கேட்டு வாங்கினேன். இந்த மலையிலேயே நல்ல குரல் யாருடையது என்று ருசி பார்க்கிறவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார், பட்டியல் எழுதியவர் கெடுத்தார் என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயத்தில் சங்கீதம் படித்தேன், பாலக்காட்டுக்கு மூன்று கோடை விடுமுறை போய் ஆர்மோனியம் கற்றேன், முப்பது வருஷம் பிறருடைய தொண்டைகளை மிரட்டினேன். நீ இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றாய். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருவாய். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரவேண்டிய நீல கவுன் தெரிந்தது. அதனால் அடிக்கடி சொன்னேன்:

“ஏட்டி, கொஞ்சம் அடக்கிப் பாடு. மத்தவங்க கொரலும் கேக்கணும்லா.”

“சரிட்டி, அடக்கிக்கிடுதேன்” என்பாய். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. குற்றவாளிக்கு இத்தனை நல்ல சுபாவம் இருக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் பாட்டின் தனிக்குரல் மட்டும் எப்போதும் என்னுடையது. அதில் ‘வானம்’ என்ற சொல் உச்சிக்கு ஏறும் இடத்தில், பின்னால் குழு முழுவதும் மெல்லச் சேர்ந்துகொள்ளும். அந்த உச்சியில் என் குரல் என்னையே மீறி எழும்பும். நம் ஆலயத்துத் தகரக்கூரைக்கு நல்ல எதிரொலி என்று வெளியூர்ப் பாஸ்டர்களிடமெல்லாம் விளக்கியிருக்கிறேன்.

சரி, தாளுக்கு வருகிறேன்.

அது டீமேக்கர் சாரின் நோட்டிலிருந்து கிழித்த பக்கம். அவர் ஓய்வு பெற்றுப் பாலக்காட்டுக்குக் கிளம்பிய அன்று நீ போய்க் கேட்டு வாங்கினாயாம். “அம்மா ஒரு தாளுக்காகப் போயி நின்னாவன்னு அப்பா கேலி பண்ணுவாவ” என்று உன் மகள் சொன்னாள். மேலே அவர் கையெழுத்தில் ‘சன்னல் முதல்’ என்று இருக்கிறது. தேயிலையை வெளிச்சத்தின் பக்கமிருந்துதான் பார்க்கத் தொடங்குவார் போலிருக்கிறது. இடது கை, வலது கையெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. கீழே ஆறு எண்கள், ஆறு குறிப்புகள், எண்களுக்குப் பக்கத்தில் பிறகு வேறு மையில் எழுதிய பெயர்கள்.

இரண்டு: தெளிவு. விறுவிறுப்பு. துப்பின பிறகும் நாக்கில் நிற்கிறது. பக்கத்தில் உன் பெயர்.

ஐந்து: நிறம் உண்டு. சாரம் போதாது. கலப்புக்கு ஆகும். பக்கத்தில் என் பெயர்.

கலப்புக்கு ஆகும். நாற்பது வருஷம் முன்பே மனுஷர் என் வேலையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குழுவில் ஒருத்தியாக நிற்க வேண்டிய குரல். நான் குழுவின் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் பூட்ஸ் ஞாபகம் வந்தது. ரெண்டாவதா எம் முன்னால வந்து நின்னுச்சு. அவர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று நீ கண்ணால் பார்த்தவள். குழாயடியில் நீ சொன்ன இடது கை வலது கை முழுவதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து நெய்த பொய். நான் ‘போ, போய்ச் சொல்லு’ என்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு துல்லியமாக டீமேக்கர்கூட என்னை ருசி பார்த்ததில்லை.

எனக்கு வந்தது கோபம். தோற்றதற்காக இல்லை. என் வாழ்க்கையின் ஒரே கம்பீரமான குறையை, யாரோ என் வேஷத்தைப் பறித்தார்கள் என்ற அந்தச் சொத்தை, நீ கொடுத்தது என்று ஆக்கிவிட்டாயே. நீ பறித்ததாக நினைத்து உன்னை வெறுத்தேன். அந்த வெறுப்பையும் சேர்த்தேதான் கொடுத்திருக்கிறாய். திருடி என்று பட்டம் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் இரண்டாம் வரிசையில் அடக்கிப் பாடினாய்.

ஒரே ஓர் ஆறுதல் இருக்கிறது. நீ இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. என் கண்ணில் படாமல் இருக்கத்தான் வாங்கினாய், தெரிகிறது. ஆனால் ‘நாக்கில் நிற்கிறது’ என்று உன்னைப் பற்றி ஒருவர் எழுதியதை எரிக்க உனக்கும் மனம் வரவில்லை. மடிப்புகள் நைந்துபோயிருக்கின்றன. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாய்? அந்த ஓர் இடத்தில் நீ என் மாதிரியே இருந்திருக்கிறாய் என்பதால் உன்னை மன்னிக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பயிற்சி. நீ போன பிறகு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தது நேற்றுத்தான். தாளைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தாம் எண் என்று தெரிந்த பிறகும் தனிக்குரலை நானே பாடுவது என்று பிடிவாதமாக முடிவு செய்திருந்தேன். பாடினேன். ‘வானம்’ வந்தது. பின்னால் குழு சேர்ந்தது. ஏறவில்லை.

சளி என்று சொல்லி, வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பாடினேன். அதே இடத்தில், அதே போல், தட்டையாக நின்றது. கூரை அப்படியேதான் இருக்கிறது. தகரத்தை யாரும் மாற்றவில்லை. நான் திரும்பி இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நான் விடச் சொல்லவில்லை.

அடக்கிக்கிடுதேன் என்றாயே. அடக்கி, என் குரலுக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்து, அந்த இடத்தில் மட்டும் தூக்கிவிட்டிருக்கிறாய். முப்பது கிறிஸ்துமஸ். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாய்.

கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம், “இனிமே இந்தப் பாட்ட ஒரு கட்ட எறக்கி வாசிப்பா” என்றேன்.

“ஏங்கக்கா? இத்தன வருசமா இதே கட்டதான?”

“குளிரு ஜாஸ்தி” என்றேன்.

அவன் நம்பவில்லை, இரண்டாம் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் பொய் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உன்னுடையது நாற்பது வருஷம் நின்றது. அதிலும் ஜெயித்தவள் நீதான்.